சாவிக்காரர் பதில்கள்

திண்டுக்கல்லில் கார், பைக் சாவி வெட்டி, சிப் கோடிங் செய்து கொடுக்கும் கடைக்காரர், வாசகர்களின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

கேள்வி: காருக்கு டூப்ளிகேட் சாவி வெட்டினேன். கதவு திறக்கிறது, டிக்கியும் திறக்கிறது. ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. வெட்டியவரைக் கேட்டால், ‘சாவி சரியாத்தான் இருக்கு, வண்டியைப் பாருங்க’ என்கிறார். யார் மேல் தப்பு? (வாசகர், ஈரோடு)

வெட்டியவர் பொய் சொல்லவில்லை. இரும்பை அவர் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். ஆனால் உங்கள் கையில் இருப்பது பாதிச் சாவி.

இன்றைய கார் சாவி என்பது ஒரே வீட்டில் மூன்று குடித்தனம். பூட்டைத் திருப்பும் இரும்பு ஒன்று. கதவைத் திறந்து மூடும் ரிமோட் இன்னொன்று. மூன்றாவது, யார் கண்ணிலும் படாத சிப். ரிமோட் செத்தாலும் சிப் வேலை செய்யும். சிப் காணாமல் போனாலும் ரிமோட் பாட்டுக்குக் கதவைத் திறக்கும். இது புரியாததால்தான் பலர் தேவையில்லாத பொருளுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

சிப்புக்கு பேட்டரியே கிடையாது. நீங்கள் சாவி போடும் துளையைச் சுற்றி, பிளாஸ்டிக் வளையத்துக்குள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. சுவிட்சைத் திருப்பியதும் அந்தச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு சிப் விழித்து, தன் அடையாளத்தைச் சொல்லும். அது வண்டியில் பதிந்து வைத்த அடையாளத்தோடு பொருந்தினால்தான் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு ஏற்பாடு இன்ஜினை ஓட விடும். பொருந்தாவிட்டால் சில வண்டிகளில் ஸ்டார்ட்டரே சுற்றாது, சிலவற்றில் ஓரிரு நொடி ஓடி அணைந்துவிடும். உங்களுடையது இரண்டாவது ரகம். மீட்டர் போர்டில் சாவிப் படமோ, பூட்டுப் போட்ட கார் படமோ மின்னுகிறதா பாருங்கள். மாருதிக்காரர்கள் இந்த ஏற்பாட்டுக்கு ‘ஐகேட்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டூப்ளிகேட்டைத் துளையில் போட்டு, ஒரிஜினல் சாவியின் தலையை அந்த வளையத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். வண்டி ஓடினால், குறை சிப் மட்டும்தான். அப்புறம் ஒரிஜினல் சாவி, ஆர்.சி., அடையாள அட்டையோடு கோடிங் செய்பவரிடம் போங்கள். சிப் உள்ள பிளாங்கில், அதாவது இன்னும் வெட்டாத சாவியில், இரும்பை வெட்டி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் செருகு துளை) கருவியைச் செருகி, புது சிப்பை வண்டியில் பதிந்து கொடுப்பார். சில மாடல்களில் ஒரிஜினல் சிப்பில் இருப்பதைப் புது சிப்பில் அப்படியே நகல் எடுத்துவிடலாம். அதற்கு வண்டியைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு குறுக்குவழி உண்டு. ஒரிஜினல் சிப்பைக் கழற்றி ஸ்டீயரிங் கவருக்குள் டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். யாராவது அதைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதன்பிறகு வெறும் இரும்புக்கே வண்டி கிளம்பும், அதை யார் திருப்பினாலும்.

கேள்வி: ரிமோட் பட்டன் ரப்பர் கிழிந்துபோனதால், ஆன்லைனில் மடக்குச் சாவிக் கூடு வாங்கி, பழைய சர்க்யூட் போர்டை எடுத்து அதில் நானே மாட்டினேன். கதவு அழகாகத் திறக்கிறது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. (வாசகி, மதுரை)

அம்மா, பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் முதலில் போய் அதை எடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

பல சாவிகளில் சிப் போர்டின் மேல் இருக்காது. கூட்டின் ஓரத்தில் தனியாக ஒரு பள்ளம் செய்து அதில் உட்கார வைத்திருப்பார்கள். கறுப்பாக, சின்ன ஆப்பு வடிவில், கரித்துண்டு மாதிரி இருக்கும். அல்லது உள்ளே செம்புச் சுருள் தெரிகிற குட்டிக் கண்ணாடிக் குழாயாக இருக்கும். பிளாஸ்டிக்கில் உடைந்து ஒட்டிய துணுக்கு என்று நினைத்துத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கூடு விற்பவரும் சொல்வதில்லை. புதுக் கூட்டில் அந்தப் பள்ளம் காலியாக இருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

எடுக்கும்போது பொறுமை வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள், கண்ணாடி ரகம் பட்டென்று உடையும். கூட்டின் ஓரத்தை பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, சிப் தானாக வெளியே வருகிற மாதிரி செய்யுங்கள். புதுப் பள்ளத்தில் வைத்த பிறகு ஆடாமல் இருக்க ஒரு துளி பசை போதும். கிடைக்கவே இல்லை என்றால், புது சிப் போட்டுப் பதிய வேண்டியதுதான். இரண்டாவது சாவி வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், வேலை சுலபமாகும்.

கேள்வி: என் பேரன் ஊருக்குப் போகும்போது கார் ரிமோட்டையும் விளையாட எடுத்துப் போய்விட்டான். திரும்பி வந்ததும் ரிமோட் வேலை செய்யவில்லை. புது ரிமோட் வாங்க வேண்டுமா? (வாசகர், காரைக்குடி)

வேண்டாம் ஐயா. காருக்குப் பக்கத்தில் நின்று, பட்டனை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்திப் பாருங்கள்.

ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேறு வேறு குறியீட்டை அனுப்பும். ஒரு தடவை அனுப்பியதை யாராவது பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடக் கூடாதே, அதற்காக. ரிமோட்டுக்குள் ஒரு எண்ணி ஓடுகிறது, காரிலும் ஓடுகிறது. பேரன் எங்கேயோ உட்கார்ந்து அழுத்தினால் ரிமோட்டின் எண் மட்டும் ஏறிப்போகும். கீலாக் என்ற முறையில் வழக்கமாக 16 அழுத்தல் வரை முன்னால் போனாலும் கார் ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டினால், தொடர்ந்து வரும் இரண்டு குறியீடுகளைக் கேட்டபின்தான் நம்பும். அதனால்தான் இரண்டு முறை. சில கார்களில் சாவியைப் போட்டு சுவிட்சை ஆன் செய்து மூடினால் எண் சேர்ந்துகொள்ளும்.

அதற்கும் மசியவில்லை என்றால், விளையாடி விளையாடி செல் தீர்ந்திருக்கும். மாற்றும்போது செல்லின் மேல் இருக்கும் எண்ணைப் பாருங்கள். சிஆர்2032 என்றால் அகலம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். சிஆர்2025 போட்டால் அகலம் பொருந்தும், கனம் குறைவு. இன்று வேலை செய்யும், நாளைக்கு லூஸ் கான்டாக்ட்.

கேள்வி: பட்டன் ஸ்டார்ட் கார். சாவியில் பேட்டரி தீர்ந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதானா? (வாசகி, கோவை)

நிற்க வேண்டாம். அந்தச் சாவிக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். ஓரத்தில் உள்ள கொக்கியைத் தள்ளி உருவுங்கள், அதனால் ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். கைப்பிடியில் துளை தெரியாவிட்டால் மூடிக்குப் பின்னால் இருக்கும். உள்ளே போய் பிரேக்கை மிதித்து, சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பட்டனைச் சுற்றியும் ஒரு சுருள் இருக்கிறது. சில கம்பெனிகள் அந்தச் சுருளைக் கப் வைக்கும் இடத்திலோ கன்சோலுக்குள்ளோ வைத்திருப்பார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது போட்டோ எடுத்து போனில் வையுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் பத்து ரூபாய்க்கு சாவி வெட்டினோம். சிப், கோடிங் எல்லாம் கம்பெனிக்காரன் காசு பிடுங்கும் தந்திரம்தானே? (வாசகர், தஞ்சாவூர்)

காசு பிடுங்குவதில் பாதி உண்மை. சிப்பின் அடக்க விலைக்கும் சாவியின் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த வயிற்றெரிச்சலில் நானும் பங்கு.

ஆனால் சிப்பைத் தந்திரம் என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கே 2015 மாடல் கார்களில் மற்ற கம்பெனிகள் 96 சதவீதம் வண்டிகளில் இதை வைத்திருந்தபோது, ஹூண்டாய், கியாவில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. 2021, 2022-இல் என்ன ஆயிற்று? ஸ்டீயரிங் கவரை உடைத்து, சாவி இல்லாமலே, ஒரு யுஎஸ்பி கேபிள் முனையால் சுவிட்சைத் திருப்பி வண்டியை ஓட்டிப் போவதை வீடியோவாகப் போட்டார்கள். பள்ளிப் பையன்கள்கூட திருட ஆரம்பித்தார்கள். அதே கம்பெனிகளின் சிப் வைத்த வண்டிகளில் அந்த வித்தை பலிக்கவில்லை.

அதற்காக சிப்பை அசைக்கவே முடியாது என்றும் இல்லை. மெகாமோஸ் என்ற சிப்பின் ஓட்டையை மூன்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 2013-இல் கட்டுரை வெளியிடப் போனார்கள். வோக்ஸ்வாகன் லண்டனில் நீதிமன்றத் தடை வாங்கியது. 2015-இல்தான் அது வெளியே வந்தது. ஓட்டையை அடைப்பதை விட்டுவிட்டுச் சொன்னவர்களின் வாயை அடைத்தது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

கேள்வி: லண்டனில் இருக்கும் மருமகன், ‘பட்டன் ஸ்டார்ட் சாவியை டின்னுக்குள் போட்டு வையுங்கள்’ என்கிறான். கிண்டல் செய்கிறானா? (வாசகர், நாகர்கோவில்)

கிண்டல் இல்லை. இரண்டு பேர் இரண்டு கருவியோடு வருவார்கள். ஒருவன் காரின் பக்கத்தில், இன்னொருவன் உங்கள் வாசல் கதவருகில். காரின் சிக்னலைக் கருவிகள் வீட்டுக்குள் இருக்கும் சாவி வரை கடத்தும். சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் ஏமாந்து திறக்கும். இங்கிலாந்தில் இப்படி நிறையத் திருட்டு நடக்கிறது. உலோக டின் அந்த சிக்னலைத் தடுக்கும். எல்லா டின்னும் தடுக்காது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். சாவியை டின்னில் போட்டு, அதை எடுத்துக்கொண்டு கார் கதவருகில் நின்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்த டின்னில் முறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய கார் வாங்கினேன். ஒரு சாவிதான் கொடுத்தார்கள், ‘இன்னொன்று தொலைந்துவிட்டது’ என்றார்கள். இப்போதைக்கு இது போதுமா? (வாசகர், விழுப்புரம்)

போதாது. இந்த வாரமே போங்கள்.

ஒரு சாவி கையில் இருக்கும்போது இரண்டாவது செய்வது ஒரு வேலை. எல்லாச் சாவியும் தொலைந்தபின் செய்வது வேறு வேலை, வேறு பில். பல வண்டிகளுக்கு சேசிஸ் எண்ணைக் கொடுத்து பின் கோடு என்ற ரகசிய எண்ணை வாங்க வேண்டும். சிலவற்றில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டியையே கழற்றி, எட்டுக் கால் ஐசி ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, அதில் இருக்கும் தகவலைப் படித்து எடுக்க வேண்டியிருக்கும். வண்டி நகராது என்பதால் நாங்கள் உங்கள் இடத்துக்கு வர வேண்டும், அல்லது நீங்கள் வண்டியைத் தூக்கி வர வேண்டும்.

‘தொலைந்த’ சாவி யார் பையில் இருக்கிறதோ. கருவியை மாட்டினால் எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்று பல வண்டிகளில் காட்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உங்கள் கையில் இருக்கும் இரண்டை மட்டும் பதியச் சொல்லுங்கள். பழைய சாவியின் இரும்பு அப்போதும் கதவைத் திறக்கும், ஆனால் வண்டி ஓடாது.

இன்னொன்று, வண்டி திருடுபோய் இன்சூரன்ஸ் கேட்டால் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு சாவிதான் கிடைத்தது என்று விற்றவரிடம் எழுதி வாங்குங்கள். பின்னால் நீங்களே தொலைத்தால், காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்காமல் சாவி செய்து தருபவரிடம் போகாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் அடுத்தவனிடமும் கேட்க மாட்டார்.

கேள்வி: எங்கள் குடும்பம் நாகல்நகரில் பூட்டுத் தொழில். ஐ.டி.ஐ. முடித்திருக்கிறேன். உங்கள் வேலையைக் கற்க எந்த மெஷின் வாங்கலாம், அண்ணா? (வாசகர், திண்டுக்கல்)

தம்பி, நம்ம ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மாங்காய்ப் பூட்டு செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்த வேலையை முதலில் வீட்டில் கற்றுக்கொள். அரம் பிடிக்கத் தெரிந்தவன் வெட்டும் சாவி பூட்டில் சிக்காது. மெஷினை மட்டும் நம்பி வந்த பலருக்கு அது வராது.

அடுத்தது மல்டிமீட்டர், சால்டரிங். பழைய ரிமோட்டுகளை எடைக்கு வாங்கிப் பிரித்துப் பழகு. ஆட்டெல், எக்ஸ்ஹார்ஸ் மாதிரி கோடிங் கருவிகள் எல்லாம் அதற்கப்புறம். கடன் வாங்கி முதல் நாளே பெரிய மெஷின் எடுக்காதே, வருகிற வேலையைப் பார்த்து வாங்கு.

அந்தக் கருவிக்கும் முன்னால் கார் பேட்டரிக்கு நல்ல சார்ஜர் ஒன்று வாங்கு. கோடிங் நடக்கும்போது சுவிட்ச் ஆனில் இருக்கும், பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். பாதி எழுதும்போது வோல்டேஜ் விழுந்தால் மாட்யூல் கெட்டுப்போகும், சாவி செய்ய வந்தவருக்கு நீ மாட்யூல் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா, வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்.