வலைப்பின்னலில் போகும் தரவைப் பதிவு செய்யும் வயர்ஷார்க் மென்பொருள் தரும் பாக்கெட் (தரவுத் துண்டு) அறிக்கையில் ஒரு தரவு ஓட்டத்தை எப்படிப் படிப்பது? எங்கே தொடங்குவது?

இருபதாயிரம் வரிகளைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்கிறீர்கள். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு "கோளாறு யார் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டும் இருப்பார். நானும் அப்படி நின்றவன்தான்.

என் தாத்தா காரைக்குடியில் ஒரு கொடுக்கல் வாங்கல் கடையில் கணக்குப்பிள்ளை. அன்றன்றைய வரவு செலவு நடந்த வரிசையில் சிட்டையில் ஏறும்; பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் பிரியும். யார் எவ்வளவு பாக்கி என்பது பேரேட்டில்தான் தெரியும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது சிட்டை. சந்தேகப்படும் வரியில் வலது சொடுக்கி, டிசிபி (இரு கணினிகள் ஒப்புகையோடு தரவு பரிமாறும் முறை) ஓட்டத்தைப் பின்தொடரச் சொல்லுங்கள். அந்த ஓர் உரையாடல் மட்டும் தனிப்பக்கமாக நிற்கும். அனுப்பியவரின் வரிசை எண் (எந்த பைட்டிலிருந்து அனுப்புகிறார்) பற்று, பெற்றவரின் ஒப்புகை எண் (எதுவரை வந்து சேர்ந்தது) வரவு. பாக்கி எந்த வரியில் விழுகிறது என்று தேடுங்கள்.

தேவகோட்டையில் பழைய வீடு ஒன்றின் முகப்பில் ஒரு சிறு அலுவலகம். புது இணைப்பும் ரூட்டரும் வந்த நாளிலிருந்து, ஸ்கேன் செய்த பத்திரங்கள் சென்னைக்குப் போகவில்லை. மின்னஞ்சல் படிக்க முடிந்தது, இணைப்போடு அனுப்ப முடியவில்லை. இணைப்புக் கொடுத்தவர்களின் ஆள் வந்து பிங் (பதில் வருகிறதா என்று சிறு பாக்கெட் அனுப்பிப் பார்ப்பது) செய்து காட்டி, "லைன் நன்றாக இருக்கிறது, கணினியைப் பராமரிப்பவரைக் கேளுங்கள்" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னார். விண்டோஸ் பிங் அனுப்புவது 32 பைட். அது போகாமல் என்ன?

சுவிட்சின் மிரர் போர்ட்டிலிருந்து (அதன் வழியே போகும் தரவின் நகலைத் தரும் இடம்) அறிக்கை எடுத்தேன். இணைப்புத் தொடக்கத்தின் மூன்று வரிகளும் சரி. சிறிய பாக்கெட்டுகளுக்கு ஒப்புகை வந்தது. 1460 பைட் சுமந்த முதல் பாக்கெட்டுக்கு வரவில்லை. அதே வரிசை எண் 0.3, 0.6, 1.2, 2.4 வினாடி என இடைவெளி இரட்டித்தபடி, கறுப்புப் பட்டையில் சிவப்பு எழுத்தாகத் திரும்பத் திரும்ப வந்தது. மேலே போய், இணைப்பைத் தொடங்கும் முதல் சின் வரியைப் பார்த்தேன்: எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட் சுமக்கக்கூடிய தரவின் உச்ச அளவு) 1460. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் தலைப்புகளுக்கு 40 போன கணக்கு அது. ஆனால் இணைப்பு பிபிபிஓஇ வகை; ஒவ்வொரு பாக்கெட்டிலும் தன் தலைப்பைச் சேர்க்கும் முறை. அது 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492தான்; 1500 பைட் பாக்கெட் அதில் அடங்காது. பாக்கெட் பெரிது என்று ரூட்டர் அறிவிக்க வேண்டிய ஐசிஎம்பி (வலைப்பின்னல் கோளாறைத் தெரிவிக்கும்) செய்தியும் அறிக்கையில் இல்லை. 1492இல் தலைப்புகளுக்கு 40 கழித்து, ரூட்டரில் எம்எஸ்எஸ் அளவை 1452 ஆக்கினேன். முதல் பத்திரம் உடனே போனது.

இணைப்புக் கொடுத்தவர்களின் அதே ஆள் வயரை இழுக்க, முகப்பு நிலையின் பர்மாத் தேக்குச் செதுக்கலில் ஆணி அடித்திருந்தார். வீட்டு ஆச்சி என்னிடம், "தம்பி, சுவரில் அடிக்க இடமா இல்லை?" என்று கேட்டார். இந்த ஊர் வீடுகளில் வேலைக்கு வருபவர்கள் அண்ணாந்து ஒரு முறை பார்த்துவிட்டாவது சுத்தியலை எடுக்கக் கூடாதா? எனக்கு இன்றும் ஆறவில்லை.

எல்லாத் தேக்கமும் எம்எஸ்எஸ்ஸால்தான் என்று நான் சொல்லவில்லை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரே ஒப்புகை எண் மூன்று முறைக்கு மேல் திரும்ப வந்தால் வழியில் இழப்பு இருக்கலாம், வரிசை மாறி வந்திருக்கவும் கூடும். ஜீரோ விண்டோ என்றால் பெறும் கணினி வந்ததை எடுத்து முடிக்கவில்லை. அதற்கு லைன்காரரைத் திட்டாதீர்கள்.

உங்கள் சின் வரியில் எம்எஸ்எஸ் எவ்வளவு, ஒப்புகை கிடைக்காத முதல் பாக்கெட்டின் நீளம் எவ்வளவு என்று இந்தப் பதிலின் கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.