ஒப்பித்தும் கணக்கு வராதது ஏன்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் சூத்திரங்களைத் தடையின்றி ஒப்பிக்கிறாள். ஆனால் தேர்வில், 'ஏ பிளஸ் பி' முழுவதன் வர்க்கத்தை ஏ வர்க்கம், பி வர்க்கம் இரண்டின் கூடுதல் என்றே எழுதுகிறாள். டியூஷன் அனுப்பியும் பயனில்லை. கவனக்குறைவா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: கவனக்குறைவன்று. 2×(3+4) என்பதை 2×3, 2×4 எனப் பிரித்துக் கூட்டலாம் என்று சரியாகக் கற்ற மனம், அதே விதியைப் பொருந்தாத வர்க்கத்திற்கும் நீட்டிவிடுகிறது. கணித ஆசிரியர்கள் ஆண்டுதோறும் விடைத்தாள்களில் காணும் பிழை இது.

எழுத்துகளைச் சற்று ஒதுக்கிவிட்டு எண்களைக் கொடுங்கள். 3, 4 ஆகியவற்றின் கூடுதலான 7-இன் வர்க்கம் 49. தனித்தனி வர்க்கங்களைக் கூட்டினால் 25 மட்டுமே. மீதி 24 எங்கே போயிற்று என்று கேளுங்கள். கட்டமிட்ட தாளில் பக்கத்திற்கு 7 கட்டங்கள் கொண்ட சதுரம் வரைந்து, இரு பக்கங்களையும் 3, 4 எனப் பிரித்துக் கோடிட்டால், தலா 12 கட்டங்களுடன் இரண்டு செவ்வகங்கள் அவள் கண்ணிலேயே படும். 'இரண்டு ஏபி' என்று அவள் ஒப்பிப்பது அவற்றைத்தான்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லியும் பாருங்கள். ஐந்தில் இரண்டு என்றால், சிக்கல் பின்னங்களிலேயே தொடங்கியிருக்கிறது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுப்பதில் வெட்கமில்லை. டியூஷனைப் பொறுத்தவரை, பிறர் போடும் கணக்கைப் பார்த்து எழுதுவது பயிற்சியாகாது என்பதே என் கருத்து.