ஓதமா, ஒழுகலா? – வீட்டுப் பழுது: வாசகர் கேள்வி பதில்

பதில் அளிப்பவர்: கும்பகோணத்துக் கட்டடப் பொறியாளர்

கேள்வி: எங்கள் வீடு மாமனார் காலத்தில் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. கொல்லையை ஒட்டி வயல். மாமியாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. அதனால் பழைய குளியலறையை இடித்து வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி, கெய்சர் வைத்துப் புதிதாகச் செய்தோம். பிளம்பர் எங்கள் ஊர்க்காரர், என் கணவர் இருந்த காலத்திலிருந்தே வீட்டுக்கு வந்து போகிறவர். சாமான், கூலி, அவரே அழைத்து வரும் கொத்தனார் எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சாகப் பேசினோம். 1,15,000 கொடுத்துவிட்டேன், மீதியைக் குறுவை நெல் போட்டதும் தருவதாகச் சொன்னேன். வைகாசியில் வேலை முடிந்தது.

ஐப்பசி மழைக்குப் பிறகு குளியலறைக்கு அடுத்த அறையில் சுவர் ஊறி, பெயிண்ட் கொப்புளமாகக் கிளம்பி உதிர்கிறது. ஷவர் குழாய் கிழக்குக் கோடியில்தான் இருக்கிறது, ஆனால் சுவர் முழுக்க ஈரம். படம் இணைத்துள்ளேன். குளியலறைக்குள் வாசல் மூலையில் தண்ணீரும் தேங்குகிறது. கேட்டால், "பைப் எதுவும் ஒழுகவில்லை அக்கா, பழைய சுவர் அப்படித்தான். தண்ணீர் தேங்குவது கொத்தனார் குற்றம்" என்கிறார். பாக்கி 25,000 போதாதென்று, கைப்பிடிக்கு 4,000, செப்டிக் டேங்க் வரை புதிய பைப் போட்டதற்கு 14,000 என்று ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்திருக்கிறார். (தோண்டியபோது பழைய மண் குழாய் உடைந்து கிடந்தது. மாற்றச் சொன்னது நான்தான், விலை பேசவில்லை.) பாக்கியை நிறுத்திவிட்டேன். தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போலீசில் சொல்லலாம் என்கிறான் மகன். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: அம்மா, போலீஸ் வேண்டாம். அவர் முன்பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடவில்லை, வேலையைச் செய்து முடித்திருக்கிறார். வேலையின் தரத்தைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் வரும் தகராறு உரிமையியல் சார்ந்தது. ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே யாராவது மிரட்டிச் சமரசம் பேசுவார்களே தவிர, உங்கள் சுவர் காயாது.

முதலில் சுவரைப் பார்ப்போம். உங்கள் கோபத்தில் பெரும்பங்கு அந்தச் சுவரால் வந்தது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈரம் தரையிலிருந்து சுமார் இரண்டடி ஏறி, நிலைக்கதவிலிருந்து மேற்கு மூலை வரை ஒரே மட்டமாக நிற்கிறது. அதன் மேல் விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு. கொப்புளம் உடைந்த இடங்களில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. அதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அது மண்ணிலிருந்து ஏறி வந்த உப்பு. குழாய் ஒழுகினால் ஈரம் குழாய்க்குப் பக்கத்தில் திட்டாகத் தொடங்கிப் பரவும், மழைக்காலம் வெயில்காலம் பார்க்காது. உங்கள் சுவரிலோ குழாயே இல்லாத மேற்குக் கோடியிலும் அதே உயரத்தில் ஈரம் இருக்கிறது. என் கணிப்பு, இது ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவர் வழியே மேலே ஏறும் ஈரம்.

டெல்டாவில் இது தெரிந்த கதைதான். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்தே மண் நனையத் தொடங்குகிறது. சம்பா நட்டு வயலில் தண்ணீர் நிற்கும்போது வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால், கொல்லையை ஒட்டி வயல் உள்ள வீட்டில் நிலத்தடி நீர் கடைக்காலை (அஸ்திவாரத்தை) தொட்டுவிடும். பழைய வீடுகள் பலவற்றில் கடைக்காலுக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் ஈரத்தை மேலே இழுக்கும்.

இத்தனை வருடம் வராதது இப்போது ஏன் வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிளம்பர்மேல் சந்தேகம் விழக் காரணமே அதுதான். முன்பும் ஈரம் ஏறியிருக்கும். சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் அதை இரண்டு பக்கமும் காற்றில் விட்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது. இப்போது குளியலறைப் பக்கம் டைல்ஸ் ஒட்டி மூடியாகிவிட்டது. படத்தில் அறைப் பக்கமும் புதிதாகச் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தது தெரிகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் பெயிண்டைப் பிய்த்துக்கொண்டு வருகிறது.

ஆனால் என் கணிப்பை மட்டும் நம்பி அவரை விடுவிக்கவும் வேண்டாம், குற்றம் சாட்டவும் வேண்டாம். இரண்டு சோதனை செய்யுங்கள், இரண்டையும் அவர் கண்முன் செய்யுங்கள்.

இரவு படுக்கும்முன் மாடித் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்திவிடுங்கள். வீட்டின் மற்ற பகுதிகளுக்குப் போகும் வால்வுகளை மூடி, குளியலறைக்குப் போகும் வால்வை மட்டும் திறந்து வையுங்கள். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும் 'ஆங்கிள் காக்' என்ற சிறு வால்வை மறக்காமல் அடையுங்கள். அந்தத் தொட்டியின் உள்வால்வு சொட்டினால் தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் இறங்கி, சுவருக்குள் குழாய் ஒழுகுவதாக எண்ண வைத்துவிடும். கெய்சருக்கு வரும் குழாய் திறந்தே இருக்கட்டும், அப்போதுதான் வெந்நீர்க் குழாயும் சோதனைக்குள் வரும். மாடித் தொட்டிக்குள் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, காலையில் பாருங்கள். ஆயிரம் லிட்டர் உருளைத் தொட்டி என்றால், ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய பத்து லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். இறங்கியிருந்தால் குழாயில் ஒழுகல் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது முழுக்க அவர் பொறுப்பு.

அடுத்தது தரை. டிராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் குழி) வாயைப் பாலிதீன் உறையில் சுற்றிய துணியால் இறுக அடைத்து, வாசல் படியைத் தாண்டாத அளவுக்குத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இறங்கினால் பரவாயில்லை, காற்றில் காய்ந்திருக்கும். அதற்கு மேல் இறங்கினால் டைல்ஸ் இணைப்பிலோ டிராப்பைச் சுற்றியோ இறங்குகிறது. மாமியாரை அந்த ஒரு நாள் அந்தப் பக்கம் போகவிடாதீர்கள். சொட்டு நீலம் கலந்து ஊற்றிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். செங்கலும் காரையும் நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபக்கம் நீலம் வரவில்லை என்பதால் கசிவில்லை என்று ஆகிவிடாது.

இரண்டிலும் மட்டம் இறங்காவிட்டால் சுவர்ச் செலவு உங்களுடையது, அவரிடம் கேட்பது நியாயமில்லை. இப்போதே சுரண்டிப் பூச வேண்டாம், பங்குனி வரை பொறுங்கள். பிறகு அறைப் பக்கம் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பிலேயே பூசி வெள்ளையடியுங்கள். ஈரத்தடுப்புப் பெயிண்ட் அடித்தால் போதும் என்று கடையில் சொல்வார்கள். மூடிய சுவரை மேலும் மூடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஈரம் இன்னும் ஓர் அடி மேலே ஏறும்.

தேங்கும் தண்ணீர் வேறு விஷயம். இதில் நான் உங்கள் பக்கம். டிராப்பை எந்த மட்டத்தில் வைப்பது என்பது பிளம்பர் வேலை, அதை நோக்கித் தரைக்கு வாட்டம் (சரிவு) கொடுத்து டைல்ஸ் ஒட்டுவது கொத்தனார் வேலை. கொத்தனாரை நீங்கள் தனியாகப் பேசி அமர்த்தியிருந்தால், 'அவர் குற்றம்' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளலாம். மொத்தமாகப் பேசி, அவரே ஆளைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பதில் செல்லாது. குளியலறைத் தரைக்கு எண்பதுக்கு ஒன்று வாட்டம் கொடுப்பது வழக்கம். ஐந்தடி நீளத் தரையில் வாசலுக்கும் டிராப்புக்கும் ஆறு நூல் இறக்கம் வர வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்பது வயதுக்காரர் காலை வைக்கும் முதல் இடமே அந்த வாசல் மூலை. அவர் வழுக்கி விழக்கூடாது என்றுதான் இத்தனை செலவும் செய்தீர்கள். 'கொஞ்சம் தேங்கத்தான் செய்யும், துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தரை முழுவதையும் உடைக்க வேண்டிய தேவை இராது, வாசலிலிருந்து டிராப் வரை உள்ள வரிசைகளைப் பெயர்த்து மறுபடி ஒட்டினால் போதும். சரிசெய்யும் வரை அந்த மூலையில் மாமியாரைத் தனியாக நடக்க விடாதீர்கள்.

இனி கணக்கு. கைப்பிடி முதலிலேயே பேசிய வேலைக்குள் இருந்தது என்கிறீர்கள். எனவே அந்த 4,000-ஐத் தர வேண்டியதில்லை, பேசியதைவிட உயர்ந்த ரகம் வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால் வித்தியாசத்தை மட்டும் கொடுங்கள். செப்டிக் டேங்க் பைப் அப்படி இல்லை. நம் ஊர்க் களிமண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் உப்பும். அந்த இழுபறியில் பழைய மண் குழாய்கள் இணைப்பில் விட்டுப்போகும், உடையும். தோண்டும் வரை அது யாருக்கும் தெரியாது. மாற்றச் சொன்னவர் நீங்கள், இன்று அந்தக் குழாயைப் பயன்படுத்துகிறவரும் நீங்கள். விலை பேசவில்லை என்பதால் இலவசம் ஆகிவிடாது. இனாமாகச் செய்யாத வேலையின் பயனை அனுபவிப்பவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 70-ஆவது பிரிவு. கடை ரசீதையும் எத்தனை ஆள் கூலி என்பதையும் கேட்டு வாங்கி, நியாயமாக இருந்தால் 14,000-ஐக் கொடுத்துவிடுங்கள்.

ரசீது பார்க்கும்போதே வெந்நீர்க் குழாயையும் பாருங்கள். கெய்சருக்குப் பக்கத்தில் வெளியே தெரியும் துண்டில் சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் வகை) என்றும் அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15778 என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரணக் குளிர்நீர் பி.வி.சி. குழாயை வெந்நீருக்குப் போட்டிருந்தால் அது சூட்டில் இளகி இணைப்பில் விட்டுவிடும், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பாக்கி 25,000-இல் சோதனைக்கு வரும் அன்றே 15,000 கொடுங்கள். நீங்கள் முழுவதையும் பிடித்து வைத்திருப்பதால்தான் அவர் முகத்தைத் திருப்புகிறார். கொத்தனாருக்கு அவர் கைப்பணத்திலிருந்து கூலி கொடுத்திருப்பார். மீதி 10,000-ஐ வாட்டம் சரியானதும் தருவதாக ஒரு தாளில் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் ஒப்பாவிட்டால், வேற்றூர்க்காரரான ஒரு பிளம்பரையோ டிப்ளமோ பொறியாளரையோ அழைத்துப் பார்க்கச் சொல்லி, அவர் கட்டணத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மொத்தமாக ஒப்புக்கொண்டு கூலி வாங்கிச் செய்யும் வேலை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைதான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், எனவே இன்று அவசரப்பட வேண்டிய நிலை இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். எழுத்து ஒப்பந்தம் இல்லையே என்று கலங்க வேண்டாம். பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, அவர் கைப்பட எழுதிய துண்டுச் சீட்டு, நாள் தெரியும் படங்கள் எல்லாம் சான்றுதான். அந்தத் துண்டுச் சீட்டைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் பிளம்பர். வேலை முடியும் வரை நன்றாகப் பேசுகிறார்கள், கடைசிப் பணம் கேட்டால் மட்டும் குறை கண்டுபிடிக்கிறார்கள். ஒருவரிடம் ஒன்றரை வருடமாக 22,000 ரூபாய் நிற்கிறது. எங்களுக்கு என்று எதுவும் சட்டம் இல்லையா? இன்னொன்று: எர்த் இல்லாத வீட்டிலும் கெய்சரை மாட்டிக் கொடு என்கிறார்கள். என்ன செய்வது?

– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இருக்கிறது. செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. உங்களுக்குப் பாதி போய்விட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள். வழக்குக்கு முன், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், கட்டணம் இல்லை. எதிராளியை அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு ஏற்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

அடுத்த வேலையிலிருந்து ஒன்று செய்யுங்கள். குழாய் பதிக்கச் சுவரில் வெட்டிய காடியை மூடுவதற்கு முன், குழாய் இணைப்பை ஒட்டிய சால்வென்ட் பசை காய ஒரு நாள் விட்டு, கைப்பம்பால் தண்ணீர் அழுத்தம் ஏற்றிக் காட்டுங்கள். என் மேற்பார்வையில் நடக்கும் வேலைகளில் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நின்றால்தான் பூசச் சொல்வேன். வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்கவைத்து முள்ளைப் படம் எடுத்து, அவருக்கும் அனுப்பிவிடுங்கள். திறந்த காடியில் டேப்பை வைத்து, குழாய் எத்தனை அடியில் போகிறது என்று இன்னொரு படம். மேலே பாபநாசத்து அம்மாவிடம் அப்படி ஒரு படம் இருந்திருந்தால் ஐப்பசியிலேயே பேச்சு முடிந்திருக்கும். பணத்தையும் பழைய தரையை இடிக்கும்போது, காடி மூடும்போது, டைல்ஸ் முடிந்ததும் என்று பிரித்து வாங்குங்கள். கடைசித் தவணை சிறியதாக இருக்கட்டும். இடையில் புதிய வேலை சொன்னால், தொகையை அன்றைக்கே செய்தியாக அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கிய பிறகு கை வையுங்கள்.

எர்த் இல்லாத இணைப்பில் கெய்சர் மாட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குழாயை மட்டும் கொண்டுபோய் நிறுத்தி மூடி போட்டு, எலக்ட்ரீசியன் எர்த் கொடுத்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் வைத்த பிறகு வந்து மாட்டுவதாகச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும்.