கேள்வி பதில்: பொண்ணு ஜெர்மன் டிகிரி கேக்குறா

கேள்வி: பிளஸ் டூ முடிச்ச பொண்ணு ஜெர்மன்ல பி.ஏ. பண்றேங்கறா. ஸ்போக்கன் இங்கிலீஷ் மாதிரி கிளாஸா அது? வருஷக்கணக்கா என்னத்த படிப்பாங்க?
– ஒரு அம்மா, காவேரிப்பட்டணம்

பதில்: ஸ்போக்கன் கிளாஸ் இல்லீங்கம்மா. ஆரம்பத்துல இலக்கணம்தான் உயிரை வாங்கும், ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (ரெண்டும் இல்லாதது)னு மூணு பால்ல ஏதோ ஒண்ணுல வரும், கூத்து என்னன்னா சின்னப் பொண்ணைச் சொல்ற 'மேட்ஷென்'ங்கற சொல்லே பெண்பால் கிடையாது, 'ஷென்' விகுதி ஒட்டிக்கிச்சுன்னா டாஸ்தான், பொண்ணா இருந்தா என்ன பூனைக்குட்டியா இருந்தா என்ன! அப்புறம்தான் கதை, கவிதை, வரலாறு, மொழிபெயர்ப்பு எல்லாம். ஜெர்மனிக்காரங்க மட்டும் இல்ல, பிராகுல பொறந்த எழுத்தாளர் காஃப்காவும் ஜெர்மன்லதான் எழுதினார். நம்ம திருக்குறளையே கார்ல் கிரவுல்ங்கற ஜெர்மன்காரர் 1856லயே ஜெர்மன்ல மொழிபெயர்த்துட்டாரு, அதைப் பொண்ணுகிட்ட காட்டுங்க.

டெல்லி ஜேஎன்யூ, ஹைதராபாத் இஃப்லு மாதிரி பல்கலைக்கழகங்கள்ல ஜெர்மன் பி.ஏ. இருக்கு. வெறும் வேலைக்குன்னா பி2 லெவல் (ஏ1ல ஆரம்பிக்கிற ஆறு படியில நாலாவது) வரைக்கும் கிளாஸ் போனாலே போதும், டிகிரி எதுக்கு? கதைப் புத்தகம் கையில எடுத்தா சோறு மறக்கற புள்ளைன்னா சேர்த்து விடுங்க. சந்தேகமா இருந்தா முதல்ல முதல் படியான ஏ1 மட்டும் படிக்கட்டும், பெங்களூர்ல ஜெர்மன் சொல்லித்தர்ற கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கு, கிருஷ்ணகிரியில பஸ் ஏறினா போயிடலாம்.