வெப்லி பிரீமியர்: சுருள்வில்லை மாற்றும் முன் பிடியைப் பாருங்கள்

பழைய வெப்லி பிரீமியர் காற்றுக் கைத்துப்பாக்கியில் 10 மீட்டருக்குக் குண்டுகள் கையகலம் சிதறுகின்றன, உள்ளே இருக்கும் சுருள்வில்லை (ஸ்பிரிங்கை) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுருள்வில்லை இப்போதைக்குத் தொடாதீர்கள் சார். மேசைமேல் அழுத்தி வைத்துச் சுடுவதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அங்கேதான். இதில் காற்றை அழுத்தும் பிஸ்டன் பின்னோக்கிப் பாயும்; பெல்லட் (குண்டு) குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி அசைந்துவிடும். அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் போதும். இறுக்காமல் பிடித்து, மணிக்கட்டுக்கு அடியில் மட்டும் மெத்தென்று ஏதாவது வையுங்கள்.

அப்புறம் குழலின் பின்முனை உடலோடு சேரும் இடத்தில் காற்றை அடைக்கும் வாஷர். அந்த இணைப்பின்மேல் டிஷ்யூ காகிதத் துண்டை வைத்து, பெல்லட் போட்டே சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று கசிகிறது, வாஷரை மாற்றுங்கள். எண்ணெயை மட்டும் அள்ளி ஊற்றாதீர்கள். சிலிண்டருக்குள் எரிந்து வேகம் தாறுமாறாகும். எல்லாம் சரி என்றால் வேறு இரண்டு மூன்று வகை பெல்லட் போட்டுப் பாருங்கள்.