ரீஅலைன் செய்தும் தலையசைவு ஏன் மிஞ்சுகிறது?

கேள்வி: குழந்தைகளின் ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ (சும்மா படுத்திருக்கையில் மூளையின் செயல்பாட்டைத் தொடர்ந்து படமெடுக்கும் ஸ்கேன்). டிஆர் (ஒரு வால்யூமுக்கு ஆகும் நேரம்) 2 வினாடி, ஆளுக்கு 200 வால்யூம் (முழு மூளைப் படம்). எஸ்பிஎம் மென்பொருளில் ரீஅலைன் செய்து (எல்லா வால்யூம்களையும் ஒரே நிலைக்குப் பொருத்தி), 6 அசைவு அளவுகளையும் (3 நகர்வு, 3 சுழற்சி) அவற்றின் தாக்கத்தைக் கழிக்கும் ரிக்ரெஷனில் சேர்த்துவிட்டேன். ஆனாலும் அதிகம் அசைந்தவர்களிடம் அருகருகே உள்ள பகுதிகளின் தொடர்பு (சிக்னல்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) கூடியும், தொலைவுத் தொடர்பு குறைந்தும் தெரிகிறது. அவர்களை நீக்கிவிடலாமா?

பதில்: அசைவு விட்டுச்செல்லும் தடமே இதுதான். ரீஅலைன்மென்ட் மூளையைப் பழைய இடத்துக்குத் திருப்புகிறது, அவ்வளவே. ஸ்லைஸ் ஸ்லைஸாக எடுக்கும்போது தலை நகர்ந்தால், திசு தன் முறைக்கு முன்போ பின்போ ரேடியோ துடிப்பை வாங்கிவிடும். காந்தமாக்கம் மீளக் கிடைக்கும் நேரம் மாறுவதால் சிக்னலின் அளவே மாறிப்போகிறது. படத்தை நகர்த்தி அதைச் சரிசெய்ய முடியாது. 6 அளவுகளோடு முந்தைய வால்யூமின் 6, இவை எல்லாவற்றின் வர்க்கங்கள் என 24 சேர்த்தால் கொஞ்சம் தேவலை.

ஆளை நீக்குமுன் வால்யூம்களைப் பாருங்கள். அடுத்தடுத்த வால்யூம்களுக்கிடையே 6 அளவுகளும் மாறியதைக் குறி பாராமல் கூட்டினால் எஃப்டி (அந்த இடைவெளியில் தலை அசைந்த மொத்த அளவு) கிடைக்கும். சுழற்சியை 50 மிமீ ஆரக் கோளத்தின் மேல் வில்நீளமாக மாற்றுங்கள்: 0.01 ரேடியன் என்றால் 0.5 மிமீ. பலர் சறுக்குவது இங்கேதான். எஸ்பிஎம் கோப்பில் முதல் மூன்று நெடுவரிசை நகர்வு, அடுத்த மூன்று சுழற்சி. எஃப்எஸ்எல் மென்பொருளில் சுழற்சி முதலில் வரும். ஏஎஃப்என்ஐ மென்பொருளில் சுழற்சி டிகிரியில் இருக்கும். வரிசையை மாற்றிப் படித்தால் நகர்வு 50 மடங்காகி, ஆடாத பிள்ளையும் துள்ளியதாகத் தெரியும்.

எஃப்டி ஓர் எல்லையைத் தாண்டிய வால்யூம்களைக் குறித்து ஒதுக்குங்கள்: 0.5 மிமீ தளர்வான எல்லை, 0.2 கடுமையானது. உங்களிடம் இருப்பது 400 வினாடி. ஆளுக்கு 5 நிமிடமாவது மிஞ்ச வேண்டுமென்றால் 150 வால்யூம் தேவை. அதாவது 50 வரை இழக்கலாம். 0.2இல் தொடங்கி, அந்தக் கணக்கில் தேறாதவரை மட்டும் நீக்குங்கள்.

வரிசை முக்கியம். கெட்ட வால்யூமோடு அலைவரிசை வடிகட்டினால் (வேண்டிய அதிர்வெண்களை மட்டும் விட்டுவைத்தால்) ஒரு துள்ளல் இருபுறமும் பரவிவிடும். ஆகவே குறித்தவற்றை அக்கம்பக்க வால்யூம்களைக் கொண்டு இடைச்செருகி நிரப்பி, வடிகட்டி, பிறகு அவற்றை வெட்டுங்கள். ரிக்ரெஷன் அளவுகளும் அதே வடிகட்டியில் போகட்டும். இல்லாவிட்டால் வடிகட்டி நீக்கிய இரைச்சல் பின்வாசல் வழியே திரும்பும்.

குளோபல் சிக்னலை (மூளை முழுவதன் சராசரி சிக்னல்) நீக்கினால் பரவலான அசைவுத் தாக்கம் நன்றாகவே குறையும். தூரம் சார்ந்த சாய்வு (அருகில் கூடி, தொலைவில் குறைவது) மட்டும் போகாது, எதிர்மறைத் தொடர்புகளும் முளைக்கும். கடைசியில் ஒவ்வொரு தொடர்பையும் ஆளின் சராசரி எஃப்டியோடு ஒப்பிட்டு, பகுதிகளின் தூரத்துக்கு எதிரே வரையுங்கள். கோடு இன்னும் சரிந்தால் எல்லையை இறுக்குங்கள். குழு ஒப்பீட்டில் சராசரி எஃப்டியை எப்படியும் சேர்த்தாக வேண்டும்.