குடும்பப் பேருக்கெல்லாம் உண்மையிலேயே அர்த்தம் இருக்கா, இல்ல சும்மா வந்ததா?

ஸ்மித், மில்லர், ஜான்சன்னு மூணு பேரைப் போட்டு, இதெல்லாம் வெறும் சத்தமா இல்ல அர்த்தம் இருக்குற வார்த்தையான்னு கேட்டிருக்கீங்க. ஒரு காலத்துல எல்லாமே பச்சை அர்த்தத்தோட புழங்குன வார்த்தைதாங்க. "எந்த ஜான்?"னு யாரோ கேட்டதுக்கு பக்கத்துல இருந்தவர் சொன்ன பதில்தான் பின்னாடி குடும்பப் பேரா ஒட்டிக்கிச்சு. இங்கிலாந்துல 1066-ல நார்மன்காரங்க வந்ததுக்கு அப்புறம் புழக்கத்துல இருந்த பேரே கொஞ்சம்தான், ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்டுன்னு திரும்பத் திரும்ப அதேதான் வெப்பாங்க, அப்போ ஒரே ஊர்ல நாலு ஜான் இருந்தா பட்டறைக்கார ஜான், மில்லுக்கார ஜான், மேட்டு மேல இருக்குற ஜான்னுதான் சொல்லியாகணும். கொஞ்சங் கொஞ்சமா அது பிள்ளைக்கும் பேரனுக்கும் போயி, 1400 வாக்குல பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலைச்சிடுச்சு.

எனக்கு இதுல பைத்தியம் பிடிச்சதே ஒரு ஆபீஸ் வீடியோ கால்லதான். ஸ்கிரீன்ல வரிசையா மூணு கட்டம், மூணு பேர்: கோவாச், ஹத்தாத், கோவால்ஸ்கி. மீட்டிங் ஆரம்பிக்க லேட் ஆச்சு, சும்மா இருக்காம "உங்க மூணு பேர் பேரும் ஒண்ணுதான் தெரியுமா"ன்னு கேட்டுட்டேன். கோவாச்னா ஹங்கேரிய மொழியில கொல்லர், ஹத்தாத்னா அரபியில கொல்லர், கோவால்ஸ்கி போலிஷ்ல கொல்லருக்கான கோவால்ங்குற வார்த்தையிலேர்ந்து வந்தது. அவங்கவங்க பேரோட அர்த்தம் அவங்கவங்களுக்கு நல்லாவே தெரியும், பக்கத்துக் கட்டத்துல இருக்குறவரோடதுதான் தெரியல! மூணு பேரும் ஒரு நிமிஷம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தாங்க, அந்த முகமெல்லாம் இன்னும் எனக்கு கண்ணுக்குள்ளயே இருக்கு. (கோவாச்சும் கோவாலும் காதுல ஒரே மாதிரி விழுறது தற்செயல் இல்ல, ஹங்கேரிக்காரங்க அந்த வார்த்தையை, போலிஷும் ரஷ்யனும் சேர்ந்த ஸ்லாவ் மொழிக்காரங்ககிட்டேர்ந்து எடுத்துக்கிட்டாங்க.) ஜெர்மன் ஷ்மிட், இத்தாலி ஃபெராரி, பிரெஞ்சு லெஃபெவ்ர், ரஷ்ய குஸ்னெட்சோவ், உங்க ஸ்மித், எல்லாருமே கொல்லர் வீட்டு ஆளுங்கதான்.

இங்க ஒரு விஷயத்தை நிதானமா யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துல ஊர்ல முக்கால்வாசிப் பேர் ஏர் பிடிச்சவங்க, ஆனா இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் அதிகமா இருக்குற குடும்பப் பேர் ஸ்மித், ஜெர்மனியில மியூலர், அதாவது மாவு மில்லுக்காரர். ஏன்னா ஊரே உழுதுக்கிட்டு இருக்கும்போது ஒருத்தரை மட்டும் விவசாயின்னு கூப்பிட்டா ஆள் அடையாளம் தெரியாது. கொல்லரும் மில்லுக்காரரும் ஊருக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோதான், சொன்னவுடனே தெரிஞ்சிடும். அந்த மாதிரி ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தர் இருந்ததாலதான் மொத்தமா சேரும்போது அவ்ளோ பேர் ஆயிட்டாங்க.

இதே கணக்குதான் வெளியூர்க்காரங்களுக்கும். ஹோர்வாத்னா குரோஷியாக்காரர், நேமெத்னா ஜெர்மன்காரர், ரெண்டுமே ஹங்கேரியில சர்வசாதாரணமான குடும்பப் பேர். அயர்லாந்துல வால்ஷ்னு நிறையப் பேர் இருப்பாங்க, அதுக்கு அர்த்தம் வேல்ஸ்காரர். சொந்த நாட்டுல இருந்திருந்தா யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க, வந்த இடத்துல தனியாத் தெரிஞ்சதாலதான் அந்தப் பேரு.

அப்பா பேர் வழியா வந்தது இன்னொரு பெரிய கூட்டம். ஜான்சன் ஜானோட மகன், ஸ்பெயின்ல ஃபெர்னான்டெஸ் ஃபெர்னான்டோவோட மகன், ஐஸ்லாந்துல இன்னிக்கும் மகனுக்கு சொன், மகளுக்கு தோத்திர்னு சேர்த்துதான் பெரும்பாலானவங்க வெக்கிறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது வேல்ஸ் நாட்டு விஷயம், அங்க மகனுக்கு "ஆப்". ஆப் ரீஸ், ஆப் ரீஸ்னு வேகமா நாலு தடவை சொல்லிப் பாருங்க, ஆ தேஞ்சு போயி ப்ரீஸ்னு வந்து நிக்கும், அதுதான் பிரைஸ்ங்குற குடும்பப் பேர், விலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல! ஆப் ஹவெல் பவெல் ஆனதும் இதே கதைதான்.

எல்லாம் தானா வளர்ந்ததும் இல்லீங்க, அரசாங்கம் சொல்லி வெச்ச பேரும் நிறைய இருக்கு. ஜப்பான்ல 1875-ல எல்லாருக்கும் குடும்பப் பேர் கட்டாயம் ஆச்சு, துருக்கியில 1934-ல சட்டம் வந்துச்சு, அந்த நாட்டோட முதல் ஜனாதிபதி முஸ்தபா கெமாலுக்கு அத்தாதுர்க், அதாவது துருக்கியரின் தந்தைங்குற பேர் அப்போ கொடுத்ததுதான். பிலிப்பைன்ஸ்லதான் இன்னும் விசித்திரம், 1849-ல ஸ்பெயின் கவர்னர் ஜெனரல் கிளாவேரியா ஒரு பெரிய பட்டியல் போட்டு அதுலேர்ந்து எடுத்துக்கச் சொன்னார், அதைப் பக்கம் பக்கமா ஊர்களுக்குப் பிரிச்சுக் கொடுத்ததால சில ஊர்ல குடும்பம் குடும்பமா ஒரே எழுத்துல பேர் ஆரம்பிக்கும்.

பிறந்ததும் வெக்கிற பேரும் இதே மாதிரி வார்த்தைதான். தாமஸ், நம்ம தமிழ்ல தோமா, அரமேய மொழியில இரட்டைப் பிள்ளைன்னு அர்த்தம். ஃபிலிப் கிரேக்கத்துல குதிரைப் பிரியர். மேல விவசாயியைத் தேடினோமே, கிரேக்கத்துல ஜார்ஜ்னா மண்ணுல வேலை செய்யுறவர், அவர் இங்கதான் இருக்கார். எபிரேயத்துல கடவுளோட அருளைச் சொல்ற யோகனான்ங்குற ஒரு பேர்லேர்ந்துதான் யோவான், ஜான், ஹுவான், இவான், ஷான், ஹான்ஸ் எல்லாம் வந்துச்சு.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், சத்தத்தை வெச்சு அர்த்தம் எடுக்காதீங்க. லீன்னு ஒருத்தர் இருந்தா, அவர் சீனர்னா அது பெரும்பாலும் பிளம் மரம், இங்கிலாந்துக்காரர்னா காட்டுக்கு நடுவுல இருக்குற வெட்டவெளி, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே எழுத்து. குழந்தைக்குப் பேர் தேடுறவங்க எந்த மொழின்னு பாக்காம யாரோ எழுதுன அழகான அர்த்தத்தை அப்படியே நம்பிடுறாங்க, அது எனக்கு உண்மையிலேயே கஷ்டமா இருக்கும். முதல்ல குடும்பம் எந்த மொழிக்காரங்கன்னு விசாரிங்க, அப்புறம் அந்த மொழியோட அகராதியைத் திறங்க.

அந்த வீடியோ கால் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு கோவாச்கிட்டேர்ந்து ஒரு வரி மெசேஜ் வந்துச்சு: "ஃபின்லாந்து டீம்ல ஒரு செப்பனென் இருக்கார், அவரும் கொல்லர்தான்."